கேளுங்கள், சொல்கிறேன்: சத்துணவு ஆயா என்கிற என் அம்மா

போன மாதம் இந்தப் பக்கத்தில் அம்மா இறந்துபோனதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஊரில், அரசு நடுநிலைப் பள்ளியில் 1982 முதல் முப்பது வருடத்துக்கும் மேல் சத்துணவு சமைத்தவள், ஊருக்கெல்லாம் ஆயாம்மா, மதியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை, எழுபது வயதில் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று, அவ்வளவுதான் எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவளைப் பற்றித்தான். வேறு விஷயங்களைக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்ட உங்கள் அம்மா ஒரு அன்னபூரணி. அப்படி ஒரு தாய்க்கு மகளாகப் பிறந்தது உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்?
– ஒரு வாசகி, ஆரணி

பெருமைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்னபூரணி என்ற சொல் மட்டும் வேண்டாம் அம்மா. இதே சொல் ஒன்பது கடிதங்களில் வந்திருக்கிறது, எல்லாரும் அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அன்னபூரணி கையில் இருக்கும் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாது. அம்மாவுக்கு வந்தது எண்ணி இறக்கிய மூட்டை, எழுதி வாங்கிய பருப்பு, அளந்து கொடுத்த எண்ணெய். அதை வைத்து ஒரு பிள்ளைக்கும் இல்லையென்று சொல்லாமல் முப்பது வருடம் ஓட்டினாள் என்றால் அது தெய்வச் செயல் இல்லை, தொழில் தெரிந்த ஒருத்தியின் கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. தெய்வத்துக்குச் சம்பளம் கேட்கத் தோன்றாது. சேவை, தாயுள்ளம் என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலைக்கு மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்று ஏதேதோ பெயர் வைத்து ஒரு தொகையைக் கொடுத்தார்கள். மற்ற அரசு ஊழியர்களைப் போலக் காலமுறை ஊதியம் கொடுங்கள் என்று சத்துணவு ஊழியர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும் ஒருமுறை மறியலுக்குப் போய் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்காரவைக்கப்பட்டாள். திரும்பி வந்தவள் போலீஸ்காரர்கள் கொடுத்த தக்காளி சாதத்தைப் பற்றித்தான் முதலில் பேசினாள், உப்பே இல்லையாம். அதனால் என்னைக் கேட்டால் அவளைச் சமையலர் என்று சொல்லுங்கள். ஆயா என்றும் சொல்லலாம். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி, 27 வயதில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு ஒண்ணாங்கிளாஸ் பையன் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான், வீட்டுக்கு வந்து அழுதாளாம். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்புறம் அந்தச் சொல்லே பழகி, பின்னாளில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்றைக்குக் கேஸ் அடுப்பு, மிக்ஸி எல்லாம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் நூறு இருநூறு பிள்ளைகளுக்கு விறகடுப்பில் எப்படிச் சமைத்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்காக எழுதுங்களேன்.
– ஒரு வாசகர், செய்யாறு

நல்ல கேள்வி ஐயா. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன், அம்மாவோடு போகக்கூடாத விஷயம் இது.

காலையில் எட்டரைக்குப் போய்ச் சாம்பலை வாரி, அடுப்பை மெழுகி, தண்ணீர் கொண்டுவருவதில் தொடங்கும். பள்ளிக்கு வெளியே அடிபம்பு. இருபது குடத்துக்குக் குறையாது, அரிசி களைய, உலை வைக்க, பருப்புக்கு, அப்புறம் பாத்திரம் கழுவ. பத்து மணிக்குள் ஒவ்வொரு வகுப்பிலும் வருகை எடுத்து, சாப்பிடுகிற பிள்ளைகள் இத்தனை என்று எண்ணிக்கை வரும். சத்துணவு மையத்தின் கணக்கும் பொருளும் பார்க்கிற அமைப்பாளர் அதைச் சமையல்கட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் பொருளை எடுத்துக் கொடுப்பார். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கு நூறு கிராம் அரிசி. கதவில் 160 என்று இருந்தால் பதினாறு கிலோ, ஒரு பிடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. திட்டம் தொடங்கியபோது ஒன்பது வயது வரைக்கும்தான், 1984-ல் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்ததும் எங்கள் பள்ளிக் கதவில் 240-ஐத் தாண்டியது. நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்ததும் அந்த வருடம்தான்.

அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்துக் கல்லும் வண்டும் பொறுக்குவது முந்தின நாள் மதியமே முடிந்திருக்க வேண்டும். காலையில் அதற்கு நேரம் கிடைக்காது. அவ்வளவு அரிசியையும் ஒரே அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேல் வேகாது, அதனால் இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒன்று கொதி வந்ததும் அடுத்ததற்கு விறகைத் தள்ளி, கஞ்சி வடிக்கும் நேரம் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி பார்த்துக்கொள்வாள். வடிப்பதுதான் பயங்கரம். அண்டா வாயில் துணி கட்டி, தட்டை வைத்து, நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்க்க வேண்டும். கூடப் பிடிக்கிறவள் ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ கொதிக்கிற கஞ்சி காலில். அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வேறு நிறமாக இருக்கும். அது எந்த வருடத்துத் தழும்பு என்று கேட்டால் மாதத்தோடு சொல்லுவாள், ஆனால் கூடப் பிடித்தவள் யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கஞ்சியைக் கொட்டமாட்டாள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும், பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்தவள். பதினோரு மணி இடைவேளையில் அவர்கள் சமையல்கட்டின் பின்பக்க ஜன்னலுக்கு வருவார்கள், உப்புப் போட்ட கஞ்சி ஒரு டம்ளர். பதிவேட்டில் கஞ்சிக்கென்று ஒரு கட்டம் கிடையாது, அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பாள்.

முட்டை 1989-ல் வந்தது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, ஏறி ஏறி, 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்று ஆனது. முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துத் தனியே வைப்பது, வெந்ததும் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுவது, 240 முட்டையை இரண்டு பேர் உட்கார்ந்து உரிப்பது என்று அது தனி வேலை. உரித்து முடிக்கும்போது நகக்கண் எல்லாம் எரியும்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னல் ஒன்று, புகைபோக்கி இல்லை. மழைக்காலத்தில் ஈர விறகு. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி அவளுக்கு ஒரு இருமல் தங்கிவிட்டது, கடைசிவரை போகவில்லை. வாசலில் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் அந்த இருமல் கேட்கும், அம்மா வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

சத்துணவு கொண்டுவந்தது காமராஜரா, எம்.ஜி.ஆரா? எங்கள் கல்லூரியில் இதை வைத்து ஒரு வாக்குவாதமே நடந்தது.
– ஒரு மாணவி, கோவை

இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு பெயர் இருக்கிறது. 1920-ல் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க முடிவானது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று. சில வருடத்தில் பணப் பிரச்சினையால் நின்றுபோனது. காமராஜர் முதல்வராக இருந்த 1956-ல் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது, ஊர்க்காரர்களே அரிசியும் காயும் விறகும் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில்தான் மையத்துக்கு ஒரு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டு, கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அம்மாவுக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டம் 1995-ல்தான் வந்தது. அதிலும் பல மாநிலங்களில் அரிசியை, கோதுமையை அளந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள், சமைத்த உணவாகத்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவு போட்டது. அதற்குள் அம்மா பத்தொன்பது வருடம் சமைத்திருந்தாள்.

உங்கள் வாக்குவாதத்துக்கு அம்மாவின் பதிலையே சொல்கிறேன். அவள் 1955-ல் பிறந்தவள், அறுபதுகளில் படித்த பிள்ளை. கேர் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவையில் கிளறிய உப்புமாவும், பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய பாலும் வாங்கிச் சாப்பிட்டு ஐந்தாவது வரை படித்தாள். அந்தப் பால் வாசனை பிடிக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாளாம். “அவர் போட்ட சோத்துல படிச்சேன், இவர் போட்ட சோத்துல பொழைச்சேன்” என்பாள். இரண்டு படமும் வீட்டில் மாட்டியிருந்தது.

அம்மா மதியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதே பள்ளியில் படித்த உங்களுக்கு அவர் தனியாக எதுவும் எடுத்து வைக்கமாட்டாரா? மனசு கஷ்டப்பட்டதில்லையா?
– ஒரு வாசகி, மதுராந்தகம்

கஷ்டப்பட்டிருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

வரிசையில் நான் என் தட்டோடு நிற்பேன், அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். மற்ற பிள்ளைகளிடம் “இன்னும் கொஞ்சம் போடவா, சாம்பார் ஊத்தவா” என்று கேட்கிறவள் என் தட்டில் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு அடுத்த தட்டைப் பார்ப்பாள். முட்டை நாளில் ஒன்று உடைந்து போனாலோ, அழுகல் வந்தாலோ குறைவது என் தட்டில்தான். ஆறாவது படிக்கும்போது தொடர்ந்து இரண்டு முறை அப்படி ஆகி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் முட்டையைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சமைக்கிறவளின் மகள் மற்றவளிடம் பாதி முட்டை வாங்கித் தின்கிறாளே என்று.

ஏழாவதில் ஒரு மாதம் வரிசைக்கே போகவில்லை. வீட்டில் ஒன்றும் சொல்லவும் இல்லை. அவள் கவனித்தாளா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம், கூப்பிடுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ சமையல்கட்டுப் பக்கம் போனபோது அமைப்பாளரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “டீச்சர், ஏழாவதுல ஒண்ணு குறைச்சு எழுதுங்க, எம்பொண்ணு சாப்பிடறதில்ல.” கதவில் இருந்த எண்ணை அழித்து ஒன்று குறைத்து எழுதினார்கள். நான் சாப்பிடாத அரிசி தன் கையில் மிஞ்சக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அன்றிலிருந்து சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே சோறு சூடாக இருக்கும், வழக்கமாக ஏழு மணிக்குத்தான் அடுப்பு பற்றவைப்பாள். ஏன் வரிசைக்கு வரவில்லை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதம் முடிந்து ஒருநாள் போய் நின்றேன், கரண்டியைக் கவிழ்த்தாள், அடுத்த தட்டைப் பார்த்தாள்.

அவள் சாப்பிடுவது இரண்டரை மணிக்கு, எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகு, நின்றுகொண்டே, அண்டாவின் அடியில் ஒட்டிய சோற்றில் மோரை விட்டு. நான் அம்மாவான பிறகும் அந்த முட்டையை முழுதாக மன்னிக்க முடிந்ததில்லை. பெண் பிள்ளைக்கு ஒரு நாளாவது ஒரு வாய் கூட ஊட்டியிருக்கலாம். அவளிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். “வரிசையில நின்னா எல்லாம் ஒண்ணுதான்டி” என்றாள்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உங்கள் அம்மா கையால் சாப்பிட்டார்களா? உண்மையை எழுதுங்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

இல்லை. முதல் இரண்டு வருடம் சில தெருக்களிலிருந்து பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்தார்கள், காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் பள்ளிக்கே வந்து ஆளை மாற்றச் சொன்னார். தலைமை ஆசிரியர் எழுந்து சமையல்கட்டுக்குப் போய், அம்மா போட்ட சோற்றை எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், அதன்பிறகு தினமும் சாப்பிட்டார். தூக்குவாளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்ததற்கு அவரும் காரணம், சாம்பார் வாசனையும் காரணம். அம்மா இறந்த அன்று அந்தத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், வாசலில் நின்று அழுதார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவள் இருந்தவரைக்கும் ஏதோ ஒரு ஊரில் இன்னார் சமைத்தால் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று செய்தி வரும்போதெல்லாம் அம்மா பேப்பரை மடித்து வைத்துவிடுவாள், அன்று முழுக்கப் பேசமாட்டாள்.

கும்பகோணம் தீ விபத்தின்போது உங்கள் அம்மா பணியில் இருந்திருப்பாரே. கேட்பது தவறென்றால் விட்டுவிடுங்கள்.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

தவறில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அந்தப் பள்ளியில் சத்துணவுச் சமையல் நடந்த இடத்திலிருந்து தீ கூரைக்குப் பிடித்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். சனிக்கிழமை காலை ஊருக்குப் போனபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், முந்தின நாள் சேலைகூட மாற்றவில்லை. எங்கள் பள்ளிச் சமையல்கட்டும் அப்போது கீற்றுக் கொட்டகைதான், நாலாம் வகுப்புச் சுவரை ஒட்டிச் சாய்த்துக் கட்டியது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கீற்றுக்குக் கீழேதான் தினமும் தீ மூட்டியிருக்கிறாள். பொறி பறந்தால் அணைக்க ஒரு வாளித் தண்ணீரும் ஈரச்சாக்கும் எப்போதும் பக்கத்தில் இருக்கும், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள், “சாக்கு வெச்சிருந்தேன், சாக்கு வெச்சிருந்தேன்” என்று.

திங்கட்கிழமை போனவள் அந்தக் கொட்டகைக்குள் அடுப்பு பற்றவைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேலே இருந்தவர்கள் உத்தரவு வரட்டும் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை. மைதானத்தின் கோடியில் வேப்பமரத்தைத் தாண்டி மூன்று கல் வைத்து அங்கே சமைத்தாள், வெயிலில். பெற்றோர்களே இரண்டு பேர் வந்து கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு பிறகு வந்தது, ஓட்டுக்கூரை வந்தது, கேஸ் அடுப்பு அதற்கும் பல வருடம் கழித்து. ஒவ்வொரு வருடமும் ஜூலை 16 அன்று அவள் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கமாட்டாள், முந்தின நாள் பழையதுதான். விரதம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, எதுவுமே சொல்லமாட்டாள்.

காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்ததை உங்கள் அம்மா பார்த்தாரா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பார்த்தாள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது டிவியில் பார்த்தாள், மறு வருடம் ஆகஸ்டில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கே போய்ப் பார்த்தாள். மகளிர் குழுப் பெண்கள் கிச்சடி கிளறிக்கொண்டிருந்தார்கள். வந்து “இனிமே யாரும் கஞ்சிக்கு ஜன்னல் பக்கம் வரமாட்டாங்க” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

என் அம்மாவும் சத்துணவு சமையலராக இருந்தவர், மூன்று மாதத்துக்கு முன்னால் காலமானார். பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள், என்னை நாலு பக்கம் எழுதச் சொன்னார்கள். உட்கார்ந்தால் ‘அன்பே உருவானவர்’ என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. எப்படி எழுதுவது?
– ஒரு வாசகர், அரியலூர்

தம்பி, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் போன மாதம் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் இப்போதைக்கு எழுத உட்கார வேண்டாம். முதலில் அவரோடு சேர்ந்து வேலை பார்த்த உதவியாளர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் வயதும் ஏறியிருக்கும், இந்த வாரமே போங்கள். அண்டாவை மறுபக்கம் பிடித்தவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. என் அம்மாவோடு வேலை பார்த்த அக்கா, கருமாதி அன்று சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: அம்மா சோறு வடிக்கும் நேரத்தில் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள், நான் சாமி பெயர் என்று நினைத்திருந்தேன், அது அன்றைக்கு வராத பிள்ளைகளின் பெயராம். நேற்று வந்தது, இன்று வரவில்லை, காய்ச்சலா, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா என்று யோசிப்பாளாம். இரண்டு நாளுக்கு மேல் ஒரு பெயர் தொடர்ந்தால் சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் போய்விட்டு வருவாள். அவள் ஏன் சில நாள் தாமதமாக வருவாள் என்பது எனக்கு நாற்பத்தாறு வயதில் புரிந்தது.

அப்புறம் பழைய மாணவர்களிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். என்றைக்கு என்ன சோறு, எந்த மரத்தடியில் உட்காருவீர்கள், தட்டு எங்கே கழுவுவீர்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் அம்மா தானாக வருவார். அவர் கோபக்காரர் என்றால் அதையும் எழுதுங்கள். சம்பளம் வராத மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள், மலரைப் படிக்கிறவர்களில் அதிகாரிகளும் இருப்பார்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்த நாட்கள் இருந்தால், எனக்கு இருந்தது, ஹைஸ்கூலில் அம்மா என்ன வேலை என்று கேட்டபோது ‘பள்ளிக்கூடத்தில்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், அதையும் எழுதுங்கள். நான்கு பக்கம் போதாமல் போகும்.

மலரில் போடப் புகைப்படம் இல்லையென்று தனியாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அம்மா சமைக்கிற படம் ஒன்றுகூட இல்லை. வகுப்பு வாரியாக எடுத்த குரூப் போட்டோக்களைத் தேடிப் பாருங்கள், ஓரத்தில், ஆசிரியர்களுக்குப் பின்னால், எங்காவது நின்றிருப்பார். 1991-ஆம் வருடத்துப் படத்தில் அம்மாவின் பாதி முகம் இருக்கிறது.

நானும் அதே ஒன்றியத்தில் படித்தவள்தான். அந்தச் சத்துணவு சாம்பார் ருசி வீட்டில் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அம்மா செய்முறை ஏதாவது சொல்லியிருக்கிறாரா? நாலு பேருக்கு என்ன அளவு?
– ஒரு வாசகி, மரக்காணம்

சொல்லியிருக்கிறாள், பின்னாலேயே நின்று பார்த்தும் இருக்கிறேன். துவரம்பருப்பைக் குக்கரில் வைக்காதீர்கள், திறந்த பாத்திரத்தில் மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு மலர வேகவையுங்கள். கடைய வேண்டாம், பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காய் என்றால் பூசணி, முள்ளங்கி, கத்தரி, ஏதோ ஒன்று பெரிய துண்டாக. சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதால் காரமும் புளியும் குறைவு. கைக்கு எட்டுகிற முருங்கைக்கீரையை உருவி, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி. எண்ணெய் அளவுதான் கிடைக்கும் என்பதால் தாளிப்புக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும், அதில் கடுகு, கிள்ளிய மிளகாய், நிறைய வெங்காயம் போட்டு நன்றாகச் சிவக்கவிட்டுக் கொட்டி உடனே மூடிவிடுவாள். மூடி வைக்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் ருசி இறங்கும் என்பாள். விறகுப் புகை வாசனை ஒன்று இருக்கும், அது வராது.

நாலு பேருக்கு அளவு கேட்டிருந்தீர்கள். அது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வேலையை விட்டு வந்த பிறகும் அவளுக்குக் கொஞ்சமாகச் சமைக்கக் கை வரவில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு குண்டான் சாம்பார் இருக்கும், மீதியைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு என்று போய்விடுவாள். இறந்ததற்கு மறுநாள் எதிர்வீட்டு அம்மா அந்த வாளியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெறும் வாளியாகக் கொடுக்கக்கூடாது என்று அரிசி கொஞ்சம் போட்டிருந்தார்கள்.